ஒரு ஷில்லிங்குக்குத் திறந்த தோட்டக் கதவு

பிள்ளைகள் இங்கிலாந்தில் வேலை பார்க்க, பெற்றோர் கோடைக்கு அங்கே போய் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு வருவது நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று சாதாரணமாகிவிட்டது. முதல் வாரம் லண்டன் டவர், தேம்ஸ் நதி, அரண்மனை வாசல். இரண்டாவது வாரம் ஈஸ்ட்ஹாம் முருகன், விம்பிள்டன் பிள்ளையார். அதற்கப்புறம்? "ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டம் பார்த்துவிட்டு வரலாம்" என்று மகளோ மருமகனோ காரை எடுப்பார்கள். கிராமத்துச் சாலையோரத்தில் மஞ்சள் நிற அட்டை ஒன்று கட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் அது பூங்கா அல்ல, ஒருவருடைய வீடு.

"யார் வீடும்மா இது? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லேம்மா. யார் வேணும்னாலும் வரலாம். வாசல்ல பணம் கட்டினாப் போதும்."

"தெரியாதவங்க வீட்டுக் கொல்லையிலே போய் நமக்கென்னடி வேலை?"

அம்மா கேட்கும் கேள்வி நியாயமானதுதான். அந்நியர் தங்கள் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி வர ஒருவர் ஏன் அனுமதிக்க வேண்டும்? வருகிறவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அந்தக் காசு எங்கே போகிறது? இம்மூன்றுக்கும் விடை தேடினால் ரோஜாவில் தொடங்கி நோயாளியின் படுக்கையருகே போய் நிற்போம். அந்த வழியைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரை.

திண்ணையும் கொல்லையும்

நம் ஊர்ப் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். முன்புறம் திண்ணை. வழிப்போக்கர் உட்காரலாம், படுக்கலாம், கேட்பார் கிடையாது. உள்ளே போகப் போகத்தான் வீடு வீட்டாருக்கு உரியதாகிறது. ரேழி, கூடம், அடுக்களை எல்லாம் தாண்டிக் கடைசியில் கொல்லைப்புறம். கிணறு, துவைகல், வாழை, கறிவேப்பிலை, நாலு மல்லிகைக் கொடி. அங்கே அந்நியருக்கு வேலை இல்லை. நம் வீடு முன்னால் திறந்தது, பின்னால் மூடியது. பொதுவில் பூ வளர்க்க வேண்டுமென்றால் அது நந்தவனம். அது சுவாமிக்கு உரியது. நாம் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் வீடு நேர்மாறு. முன்கதவு எப்போதும் சாத்தியிருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டினால் சங்கடப்படுவார்கள். பக்கத்து வீட்டில் இருபது வருஷம் இருந்தும் உள்ளே காலடி வைக்காதவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் பின்பக்கத் தோட்டத்தை முன்பின் தெரியாதவர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், தாங்களே நின்று வரவேற்கிறார்கள் என்றால் அதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்க வேண்டும். அந்தக் காரணத்தின் பெயர் நர்ஸ்.

லிவர்பூலில் தொடங்கிய கதை

1859ஆம் ஆண்டு. லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர் இருந்தார். அவருடைய மனைவி நோய்வாய்ப்பட்டு இறந்தார். கடைசி நாட்களில் வீட்டிலேயே இருந்து கவனித்துக்கொள்ள மேரி ராபின்சன் என்ற செவிலியரை அமர்த்தியிருந்தார்கள். மனைவியின் மரணத்துக்குப் பிறகு ராத்போனுக்கு ஒரு எண்ணம் வந்தது. பணம் இருந்ததால் நம் வீட்டுக்கு நர்ஸ் வந்தார். இந்த ஊரின் ஏழைகள் வீட்டில் இப்படி ஒருவர் படுத்தால் யார் வருவார்? அதே மேரி ராபின்சனைச் சம்பளம் கொடுத்து லிவர்பூலின் ஏழைக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார். தேவை மிகப் பெரியது என்பதும், பயிற்சி பெற்ற செவிலியர் போதவில்லை என்பதும் உடனே தெரிந்தது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் யோசனை கேட்டார். அவருடைய வழிகாட்டலில் லிவர்பூலிலேயே செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்று உருவாயிற்று. ஊரை வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒரு நர்ஸ் வீடு வீடாகப் போகும் முறை இப்படித்தான் தொடங்கியது.

1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழா. அதையொட்டிப் பெண்கள் திரட்டிக் கொடுத்த நிதியில் 70,000 பவுண்டை இந்த வேலைக்கு ஒதுக்கினார்கள். அதிலிருந்து பிறந்த அமைப்புதான் பின்னாளில் குயின்ஸ் நர்சிங் இன்ஸ்டிட்யூட் எனப்பட்டது. அந்தக் காலத்தில் இன்றுள்ள தேசிய மருத்துவச் சேவை கிடையாது. அது வந்தது 1948இல்தான். அதுவரை வீடு தேடிப் போகும் நர்ஸுக்குச் சம்பளம், பிள்ளைப்பேறு பார்க்கப் போகச் சைக்கிள், வயதான நர்ஸுக்கு ஓய்வூதியம் எல்லாமே நன்கொடையை நம்பி நடந்தவை.

1926இல் அந்த இன்ஸ்டிட்யூட்டின் குழு கூடிப் பணத்துக்கு வழி தேடியது. குழு உறுப்பினரான எல்சி வாக் என்ற அம்மையார் ஒரு யோசனை சொன்னார். இந்த நாட்டில் அழகான தோட்டங்கள் ஏராளம்; மதிலுக்குப் பின்னால் இருப்பதால் பார்க்கிறவர்கள் மிகச் சிலர். சொந்தக்காரர்களைக் கேட்டு ஒரு நாள் திறக்கச் செய்து, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கினால் என்ன? கேட்க எளிய யோசனைதான். யாருக்கும் புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம், வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கதவைத் திறக்க வேண்டும், அவ்வளவே.

1927இல் 609 தோட்டங்கள் திறந்தன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சாண்ட்ரிங்ஹாம் தோட்டமும் அவற்றில் ஒன்று. வரவேற்பைப் பார்த்துச் செப்டம்பர் வரை நீட்டித்தார்கள். வசூல் 8,191 பவுண்டு. அன்று ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்றால் ஏறக்குறைய 1,64,000 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு, அதுவரை வெளியிலிருந்து மதிலை மட்டுமே பார்த்த வீட்டின் உட்பக்கம் அன்றுதான் கண்ணில் பட்டிருக்கும்.

மஞ்சள் புத்தகம்

மஞ்சள் பத்திரிகை என்றால் நம் ஊரில் முகஞ்சுளிப்பார்கள். இது அந்த மஞ்சள் அல்ல. வீட்டுக்கு வீடு மரியாதையோடு வைத்திருக்கும் மஞ்சள். 1930களின் தொடக்கத்தில் திறக்கும் தோட்டங்கள் ஆயிரத்தைத் தாண்டின. எந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது, எந்த நாளில் திறக்கிறது என்ற விவரத்தை ஒரு கையேடாக அச்சிட்டார்கள். மஞ்சள் அட்டை போட்டு வந்ததால் மக்கள் அதற்கு "யெல்லோ புக்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சாலையோரத்தில் நாம் பார்த்த அந்த மஞ்சள் அட்டையும் இதே குடும்பம்.

1948இல் அரசே மருத்துவத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, இனித் தோட்டக் காசு எதற்கு என்று திட்டத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. ஓய்வுபெற்ற செவிலியருக்கு உதவவும், பழைய சிறப்பான தோட்டங்களை நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு காப்பாற்றவும் பணத்தைத் திருப்பினார்கள். 1980இல் இது தனி அறக்கட்டளையாயிற்று. நேஷனல் கார்டன் ஸ்கீம் என்பது இன்றைய பெயர். புற்றுநோயாளிகளுக்குத் துணைநிற்கும் மேக்மில்லன் அமைப்புக்கு 1984 முதல் இதிலிருந்து பணம் போகிறது. மேரி கியூரி அமைப்பு, இறுதிக்கால நோயாளிகளுக்கான ஹாஸ்பைஸ்கள், வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் குடும்பத்தாருக்கான அமைப்பு, பழைய குயின்ஸ் நர்சிங் இன்ஸ்டிட்யூட் எனப் பலவற்றுக்கும் போகிறது. இதுவரை கொடுத்த தொகை 6 கோடி பவுண்டுக்கும் மேல். இப்போது இங்கிலாந்து, வேல்ஸ் முதலிய பகுதிகளில் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் திறக்கின்றன. ஸ்காட்லாந்துக்கு 1931இல் தொடங்கிய தனித் திட்டம் உண்டு. 2020 வசந்தத்தில் பெருந்தொற்றால் எல்லாக் கதவுகளும் சாத்தியபோது, தோட்டக்காரர்கள் தங்கள் தோட்டங்களை வீடியோ எடுத்துக் காட்டி நிதி திரட்டினார்கள்.

மூவாயிரமும் பெரிய மாளிகைத் தோட்டங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நம் நகரத்து வீட்டு மனை அளவே உள்ள சின்னத் தோட்டமும் அதில் உண்டு. இடத்தின் அளவு அங்கே கணக்கில்லை. வருகிறவர் ஒரு 45 நிமிஷம் ரசித்துப் பார்க்க அங்கே விஷயம் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். தனியாக அவ்வளவு தேறாது என்றால் ஒரே தெருவில், ஒரே கிராமத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் திறப்பார்கள். ஒரே சீட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதலில் காலம். பிப்ரவரியில் குளிர் விடுவதற்கு முன்பே ஸ்னோடிராப் என்ற வெள்ளைப்பூ தரையை நிறைக்கும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் காட்டுப்பகுதிகளில் புளூபெல் பூத்துத் தரை நீலமாகும். ஜூன் ரோஜாவுக்கு. ஆகஸ்ட், செப்டம்பரில் டாலியா. ஒரே தோட்டத்தை ஜூனில் பார்த்தவர் செப்டம்பரில் பார்த்தால் வேறு தோட்டம் என்பார்.

இரண்டாவது, நாளும் நேரமும். பல தோட்டங்கள் ஆண்டில் ஓரிரு நாள்தான் திறக்கும், அதுவும் பிற்பகலில் சில மணி நேரம். முன்கூட்டிப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கட்டணம் பெரும்பாலும் பத்துப் பவுண்டுக்குள் அடங்கும். குழந்தைகளுக்குப் பல இடங்களில் இலவசம். நடக்க முடியாத பெரியவர்களை அழைத்துப் போவதானால் சக்கர நாற்காலி போகுமா, கழிப்பறை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. இது வீடு, சுற்றுலாத் தலம் அல்ல.

மூன்றாவது, டீ. தோட்டம் பார்க்கப் போவதில் பாதி டீ குடிக்கப் போவதுதான் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். வீட்டம்மாவும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து கேக் சுட்டு வைத்திருப்பார்கள். அந்தக் காசும் அதே நர்ஸ் நிதிக்குத்தான். நம்மில் சுத்த சைவமாக இருப்பவர்கள் கேக்கில் முட்டை இருக்கும் என்பதை நினைவில் வைத்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான்காவது, பூப் பறிக்கக் கூடாது. இதைச் சொல்லவே வேண்டாம் என்று தோன்றலாம். ஆனால் காலையில் எழுந்து பூஜைக்கு நாலு பூப் பறித்தே வளர்ந்த கைக்கு, கண்ணெதிரே ஆயிரம் பூ ஆடும்போது கொஞ்சம் கட்டுப்பாடு தேவைப்படத்தான் செய்கிறது! விதையும் கிள்ளக் கூடாது, கிளையும் ஒடிக்கக் கூடாது. செடி வேண்டும் என்றால் வாசலருகே மேஜைபோட்டுச் சிறு தொட்டிகளில் விற்பார்கள். மகள் வீட்டுக்கு வாங்கித் தரலாம். ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்பு ஆணைப்படி, அனுமதிச்சீட்டும் நோயில்லை என்ற சான்றிதழும் இல்லாமல் செடியையும் விதையையும் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அதில் நியாயம் உண்டு. ஒரு செடியோடு வரும் பூச்சி ஒரு ஜில்லாவின் பயிரையே அழிக்கக் கூடும்.

ஐந்தாவது, பேசுங்கள். தோட்டக்காரர் அங்கேயே நிற்பார். "இது என்ன செடி?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். வாய் திறக்காத ஆங்கிலேயர் அரைமணி பேசுவார்.

லட்யென்ஸ் வரைந்த வீட்டில் வாழைமரம்

தில்லியில் வாழும் நமக்கு லட்யென்ஸ் என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்தவர். ஆனால் அவருக்குத் தோட்டக் கண்ணைத் திறந்துவிட்டவர் ஒரு பெண்மணி என்பது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. 1889இல் இருபது வயது எட்வின் லட்யென்ஸ், நாற்பத்தைந்து வயது கெர்ட்ரூட் ஜீக்கிலைச் சந்தித்தார். ஓவியம் பயின்ற அம்மையார். கண்பார்வை குறைந்து வந்ததால் தூரிகையை வைத்துவிட்டுப் பூக்களால் வண்ணம் தீட்ட வந்தவர். நீண்ட பாத்தியின் ஒரு முனையில் குளிர்ச்சியான நீலம், வெளிர் நிறங்கள், போகப்போக மஞ்சள், ஆரஞ்சு, நடுவில் செக்கச்செவேல், பிறகு மறுபடி இறங்கி நீலம். நம் ராக ஆலாபனைபோல ஏறி இறங்கும் அமைப்பு இது. இவருடைய மன்ஸ்டெட் வுட் வீட்டை 1890களில் லட்யென்ஸ்தான் கட்டிக் கொடுத்தார். அந்த வீட்டை 2023இல் நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. இருவரும் சேர்ந்து செய்த தோட்டங்கள் சுமார் நூறு இருக்கும். சுவரும் படியும் நடைபாதையும் அவர் கணக்கு. அந்தக் கல்லை மென்மையாக்கும் செடி அம்மையார் கணக்கு.

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கிழக்கு சசெக்ஸில், நார்தியம் என்ற கிராமத்தில் கிரேட் டிக்ஸ்டர் என்றொரு வீடு இருக்கிறது. 1910இல் நதானியேல் லாயிட் என்பவர் வாங்கினார். பதினைந்தாம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு. லட்யென்ஸை அழைத்துப் புதுப்பிக்கச் சொன்னார். லட்யென்ஸ் பக்கத்துக் கென்ட் பகுதியிலிருந்து பாழடைந்த இன்னொரு பழைய வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து இதோடு சேர்த்தார். அப்புறம் பழைய மாட்டுத் தொழுவங்களையும் கொட்டகைகளையும் இடிக்காமல், அவற்றைச் சுற்றியே தோட்டத்தைப் பல அறைகளாகப் பிரித்தார். கூரையில்லாத அறைகள்; சுவருக்குப் பதில் யூ என்ற மரத்தை வேலியாக வளர்த்து, மட்டம் பிடித்து வெட்டியவை. ஓர் அறையிலிருந்து அடுத்தது தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் ஓர் ஆச்சரியம்.

அந்த வீட்டின் கடைசிப் பிள்ளை கிறிஸ்டோபர் லாயிட் (1921–2006). பிறந்ததும் அங்கேதான், வாழ்ந்ததும் அங்கேதான். ஒரு வாரப் பத்திரிகையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டக்கலை எழுதியவர். 1993இல் அவரும் தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் கேரட்டும் ஒரு காரியம் செய்தார்கள். லட்யென்ஸ் அமைத்த ரோஜாத் தோட்டத்தை வேரோடு பிடுங்கிவிட்டார்கள்! ரோஜா வளர்ந்த மண்ணிலேயே மறுபடி ரோஜா வைத்தால் செழிக்காது என்பது தோட்டக்காரர்கள் அறிந்த உண்மை. ஆனாலும் ஆங்கிலேயனுக்கு ரோஜா என்றால் சும்மாவா? பலர் வெகுண்டார்கள். அங்கே அவர்கள் நட்டவை வாழை, கல்வாழை, டாலியா!

நம்மவர்கள் போய்ப் பார்த்தால் சிரிப்பு வரும். நம் கொல்லையில் துவைக்கிற தண்ணீரில் தானாக வளரும் வாழையை அங்கே அதிசயப் பொருளாக வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் வந்தால் காய்ந்த பெரணித் தழை போன்றவற்றைச் சுற்றிக் கட்டிக் கைக்குழந்தையைப்போலப் பாதுகாக்கிறார்கள். பழம் எதிர்பார்ப்பதில்லை, இலையின் அழகுக்காக மட்டும். அதுவும் ஜப்பான் வாழை என்ற, குளிர் தாங்கும் வகை. இத்தகைய தோட்டங்களில் சேம்பும் ஆமணக்கும்கூட அலங்காரச் செடிகள். வேலியோர ஆமணக்கை நாம் எத்தனை தரம் திரும்பிப் பார்க்காமல் கடந்திருக்கிறோம்! அதன் செங்கருப்பு இலையின் அழகைக் காண ஒருவருக்கு அயல்நாட்டுக் கண் தேவைப்பட்டிருக்கிறது. தோட்டம் பார்க்கப் போவதில் இது ஒரு லாபம். அடுத்தவர் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தால் நம் கொல்லை புதிதாகத் தெரியும்.

கிறிஸ்டோபர் லாயிட் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குப் பின் வீடும் தோட்டமும் அறக்கட்டளை வசம். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை பொதுமக்கள் பார்க்கலாம். பல நாட்டு இளைஞர்கள் அங்கே தங்கித் தோட்டவேலை பயில்கிறார்கள்.

கென்டில் இருக்கும் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் தோட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹரால்ட் நிக்கல்சனும் 1930இல் இடிபாடாக வாங்கிய இடம். 1938இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வாசலில் ஒரு பாத்திரம் இருக்கும். வருகிறவர் ஒரு ஷில்லிங் போட வேண்டும். ஷில்லிங் போட்டு வந்தவர்களுக்கு வீட்டா அம்மையார் செல்லமாக "ஷில்லிங்கர்கள்" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார். 1967இல் அந்தத் தோட்டம் நேஷனல் டிரஸ்டிடம் போயிற்று. ஷில்லிங்கும் 1971இல் நாணய முறை மாறியபோது மறைந்தது. தோட்டம் பார்க்கும் வழக்கம் மறையவில்லை.

ராஜாஜி விதைத்த கோதுமை

லட்யென்ஸ் வரைந்த மிகப் பெரிய தோட்டம் நம் ஊரில் இருக்கிறது. 15 ஏக்கர். காஷ்மீரத்து மொகலாயத் தோட்டங்களைக் கண்டு மகிழ்ந்த லேடி ஹார்டிங்கின் விருப்பப்படி நீரோடையும் நாற்சதுர அமைப்பும் மொகலாய முறையில். பூச்செடிகள் இங்கிலாந்து முறையில். நட்டு வளர்த்தவர் தோட்டக்கலை அதிகாரி வில்லியம் மஸ்டோ. வைஸ்ராய் காலத்தில் விருந்தினர் தவிர வேறு யாரும் உள்ளே போக முடியாது.

1948இல் அந்த மாளிகைக்கு நம் ராஜாஜி வந்தார், கவர்னர் ஜெனரலாக. நாட்டில் உணவுப் பஞ்சம். அவர் மாளிகை நிலத்தின் ஒரு பகுதியை உழச் செய்து கோதுமை பயிரிட்டார். வைஸ்ராய்கள் உலாவிய இடத்தில் ஏர் ஓடியது. அவருக்குப் பின் வந்த ராஜேந்திர பிரசாத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். பிப்ரவரி வந்தால் குழந்தை குட்டிகளோடு நாம் போய்ப் பார்க்கும் வழக்கம் அப்படித்தான் ஏற்பட்டது. மொகல் கார்டன் என்று இருந்த பெயர் 2023 ஜனவரியில் அமிர்த் உத்யான் என்று மாறியது. ஒருவர் விதைத்தார், ஒருவர் திறந்தார். இரண்டும் ஒரே எண்ணத்தின் இரண்டு பக்கங்கள்: பெரிய தோட்டம் ஒரு வீட்டாருக்கு மட்டும் உரியதாக இருப்பது சரியில்லை.

மறுபக்கம்

எல்லாமே தர்மம் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெரிய தோட்டங்களுக்குப் பின்னால் நிலமும், வாடகையும், சில குடும்பங்களில் நம் போன்ற காலனி நாடுகளில் சேர்த்த பணமும் இருந்தன. குறைந்த கூலிக்குப் பத்து இருபது தோட்டக்காரர்கள் உழைத்த இடங்கள் அவை. முதல் உலகப் போருக்குப் போன தோட்டக்கார இளைஞர்களில் பலர் திரும்பவில்லை. வாரிசு வரியும் ஏறியது. பழைய வசதி குறைந்த காலத்தில்தான் கதவுகள் திறந்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஒன்று. வசதி குறைந்தவர்கள் எல்லோரும் கதவைத் திறந்துவிடுவதில்லை. மதிலை உயர்த்துகிறவர்களும் உண்டு. திறந்தவர்கள் நுழைவுக் காசைத் தங்கள் பையில் போட்டுக்கொள்ளாமல் அடுத்தவர் வீட்டு நோயாளிக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நமக்கு என்ன?

"அதெல்லாம் அவங்க ஊர்ல சரி. நமக்கு எங்கே தோட்டம்? ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், பால்கனியில நாலு தொட்டி" என்று கேட்கலாம். இடத்தின் அளவு கணக்கில்லை என்பதை மேலே பார்த்தோம். நம் சங்கத்துக் குடும்பங்களில் மொட்டைமாடியில் கத்தரியும் வெண்டையும் போட்டவர்கள் உண்டு. தில்லிக் குளிரில் கறிவேப்பிலையைப் போர்வை போர்த்திக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. டிக்ஸ்டரில் வாழைக்குச் செய்வதைத்தானே நம் வீட்டு மாமிகள் இங்கே கறிவேப்பிலைக்குச் செய்கிறார்கள்! ஊரிலிருந்து கொண்டுவந்த மல்லிகைக் கொம்பை இருபது வருஷமாகத் தொட்டியிலேயே பூக்க வைப்பவரும் நமக்குள் இருக்கிறார். இவற்றை நாம் ஒருவருக்கொருவர் பார்த்ததுண்டா?

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. ராத்போன் 1859இல் கேட்ட கேள்வி இன்று நம் வீட்டு வாசலில் நிற்கிறது. வேலைக்காக ஊரைவிட்டு வந்தோம். பிள்ளைகள் வேலைக்காக நம்மைவிட்டுப் போனார்கள். சொந்தபந்தம் ஊரில், பிள்ளைகள் வெளிநாட்டில், நடுவில் மூன்றாவது மாடியில் வயதான இருவர். ஒருவர் படுத்தால் மற்றவர் என்ன செய்வார்? புண்ணுக்குக் கட்டுப் போட, சர்க்கரை பார்க்க, படுக்கையில் திருப்பிப் படுக்க வைக்க வீடு தேடி வரப்போவது யார்? தமிழகத்தில் 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" வீட்டுக்கே மருந்தும் சிகிச்சையும் கொண்டு போகிறது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர்மக்கள் சிறு தொகை போட்டுத் தாங்களே நடத்தும் வீட்டுப் பராமரிப்பாக வளர்ந்தது. பணக்காரர் ஒருவர் கொடுத்த லட்சத்தைவிட ஆயிரம் பேர் கொடுத்த பத்து ரூபாய் நிலைத்து நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே ஒரு யோசனையைச் சங்கத்தார் முன் வைக்கலாம். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, அமிர்த் உத்யான் திறந்திருக்கும் அதே பருவத்தில், விருப்பமுள்ள பத்து வீட்டார் தங்கள் மாடியையோ பால்கனியையோ திறக்கட்டும். ஆளுக்கு ஒரு சிறு கட்டணம். டீக்குப் பதில் ஃபில்டர் காபி, கேக்குக்குப் பதில் சுண்டல். வசூல் முழுவதும் தனித்திருக்கும் நம் பெரியவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் போய்வரும் செலவுக்கு. முதல் வருஷம் ஒருவருக்கு ஆகிற அளவே சேர்ந்தாலும் சரி. லிவர்பூலிலும் முதலில் ஒரே ஒரு மேரி ராபின்சன்தான்.

இதில் பணம் தவிர இன்னொரு லாபமும் உண்டு. செடி பார்க்க என்று நாலு பேர் வந்து போனால், அந்த வீட்டில் யார் இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்பது சங்கத்துக்குத் தெரியும். திண்ணை இருந்த காலத்தில் இதற்குத் தனித்திட்டம் தேவைப்படவில்லை. இப்போது திண்ணை இல்லை, தொட்டியாவது இருக்கிறதே. அதைக் காட்டுகிற சாக்கில் கதவைத் திறப்போம்.